அடைப்பு எங்கே தொடங்குகிறது?

(கிளை நூலகம் ஒன்றின் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கம்பனையும் பாரதியையும் பேசிய மேடையில் கழிப்பறை அடைப்பைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். இந்தத் தலைப்பைத் தயங்காமல் ஏற்றுக்கொண்டதற்கு முதலில் என் நன்றி. வீட்டில் அடைப்பு ஏற்பட்டால் நாம் என்ன செய்கிறோம்? கதவைச் சாத்துகிறோம். ஒரு பாட்டில் ஆசிட் வாங்கி ஊற்றுகிறோம். அதுவும் பலிக்காவிட்டால், யாரையாவது கூப்பிட்டு, காசைக் கொடுத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நிற்கிறோம். அந்த 'யாராவது' யார், அவர் எதற்குள் கையை விடுகிறார், எதற்குள் இறங்குகிறார் என்று கேட்பதில்லை. இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: வீட்டு அடைப்பில் பெரும்பகுதி வீட்டுக்குள்தான் தொடங்குகிறது. அதைத் தடுப்பதும், முதல் கட்டத்தில் சரிசெய்வதும் வீட்டில் குடியிருப்பவரின் வேலை. மிச்சம் இருப்பது இயந்திரத்தின் வேலை. தொட்டிக்குள் இறங்கும் வேலை எந்த மனிதருக்கும் உரியதல்ல.

முதலில், நாம் ஊற்றும் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்துவிடுவோம். இந்தியன் டாய்லெட்டோ வெஸ்டர்னோ, கோப்பைக்கு அடியில் ஒரு வளைவு இருக்கிறது. அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். அந்தத் தண்ணீர்தான் குழாயில் இருக்கும் நாற்றத்தையும் வாயுவையும் வீட்டுக்குள் வரவிடாமல் தடுக்கிறது. 1775ஆம் ஆண்டு லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தயாரிப்பாளர் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. இன்றுவரை உலகம் முழுவதும் இதே தத்துவம்தான். பிளம்பர்கள் இதை 'ட்ராப்' என்கிறார்கள். கோப்பையிலிருந்து வெளியேறும் வழியில் மிகக் குறுகலான, மிக வளைந்த இடம் இதுதான். ஆகவே அடைப்புக்கு முதல் இடமும் இதுதான்.

ட்ராப்பைத் தாண்டினால் 4 அங்குலக் குழாய். அது வீட்டுக்கு வெளியே மூடி போட்ட சிறு தொட்டியான முதல் சேம்பருக்குப் போகிறது. அங்கிருந்து அடுத்த சேம்பர். கடைசியில் ஊரில் பாதாளச் சாக்கடை இருந்தால் தெருக்குழாய், இல்லாவிட்டால் செப்டிக் டேங்க். டேங்கிலிருந்து தெளிந்த நீர் உறிஞ்சு குழிக்குப் போகும். குழாயில் இருக்கும் காற்று வெளியேற ஒரு வெண்ட் பைப் மொட்டை மாடிக்கு மேலே நிற்கும். இந்த வழியில் எந்த இடத்திலும் அடைப்பு வரலாம். எந்த இடம் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

இப்போது காரணங்கள். முதல் காரணம் சானிட்டரி நாப்கின், குழந்தைகளுக்குக் கட்டும் டயபர், ஈரத் துடைப்பான்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச அனுமதியுங்கள். நாப்கினின் நடுவில் இருக்கும் பொடி, தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதற்காகவே செய்யப்பட்டது. குழாய்க்குள் போனதும் ஊறவைத்த ஜவ்வரிசி போல உப்பிவிடும். மேலே இருக்கும் உறை துணி மாதிரித் தெரிந்தாலும் அது பிளாஸ்டிக் இழை. தண்ணீரில் கரையாது, அழுகாது. ஈரத் துடைப்பான் பார்ப்பதற்குக் காகிதம் மாதிரி இருக்கும். ஆனால் அதிலும் பெரும்பாலும் செயற்கை இழை கலந்திருக்கும். ட்ராப்பைத் தாண்டிப் போய்விட்டால்கூட, குழாயின் இணைப்பில் எங்காவது ஒட்டிக்கொண்டு, பின்னால் வருவதையெல்லாம் பிடித்து நிறுத்தும். இன்று போட்டது இன்றே அடைக்காமல் சில வாரம் கழித்து அடைப்பதற்குக் காரணம் இதுதான்.

ஏன் கோப்பையில் போடுகிறார்கள்? அறியாமை ஒரு காரணம். கூச்சம் அதைவிடப் பெரிய காரணம். நம் வீடுகளில் எத்தனை கழிப்பறைகளில் மூடி போட்ட ஒரு குப்பைக்கூடை இருக்கிறது? எத்தனை பள்ளிகளில், எத்தனை அலுவலகங்களில், எத்தனை கல்யாண மண்டபங்களில் இருக்கிறது? கையில் நாப்கினோடு வெளியே வந்தால் அண்ணன் பார்ப்பான், மாமனார் பார்ப்பார் என்று ஒரு பெண் தயங்கினால், அவளுக்கு நாம் விட்டுவைத்திருக்கும் வழி அந்தக் கோப்பை ஒன்றுதான். அந்தப் பெண்ணைக் குறை சொல்லாதீர்கள். கழிப்பறைக்குள் மூடியுள்ள ஒரு கூடையை வையுங்கள், பக்கத்தில் பழைய செய்தித்தாளை வையுங்கள். பயன்படுத்திய நாப்கினைச் சுற்றித் தனியாகக் கொடுக்க வேண்டும் என்றும், சுற்றுவதற்கு உறையைத் தயாரிப்பாளர்களே தர வேண்டும் என்றும் 2016ஆம் ஆண்டிலேயே திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லிவிட்டன. குப்பை வாங்க வருகிறவர் கையில் அது பிரிந்து விழாதபடி சுற்றிக் கொடுப்பது நம் பொறுப்பு.

இரண்டாவது காரணம், தவறி விழுந்தவையும் தள்ளிவிட்டவையும். ஷாம்பு பாக்கெட்டின் கிழித்த முனை, சோப்புத் துண்டு, பல் துலக்கி, குழந்தையின் பொம்மை, கோப்பை விளிம்பில் மாட்டும் வாசனைக் கட்டியின் பிளாஸ்டிக் கொக்கி, தேங்காய் நார், சீப்பிலிருந்து எடுத்த முடிச்சுருள். முடி எளிதில் அழுகாது. நாரோடும் நூலோடும் சேர்ந்து குழாய்க்குள் கயிறாக முறுக்கிக்கொள்ளும். சிலர் மிஞ்சிய சோற்றையும் குழம்பையும் கழிப்பறையில் கொட்டுகிறார்கள். குழம்பில் இருக்கும் எண்ணெய் குழாயின் சுவரில் படிந்து இறுகி, மற்றதெல்லாம் ஒட்டுவதற்கு இடம் கொடுக்கிறது. கோப்பைக்குள் போக வேண்டியவை மூன்றே: மலம், சிறுநீர், தண்ணீர். கழிப்பறைக் காகிதம் பயன்படுத்துகிறவர்கள், தண்ணீரில் கரையும் காகிதத்தை அளவோடு போடலாம். கை துடைக்கும் டிஷ்யூ அப்படிக் கரையாது.

மூன்றாவது காரணம் தண்ணீர்ப் பற்றாக்குறை. 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டதை நாம் பார்த்தோம். குடத்துக்காக வரிசையில் நிற்கும் காலத்தில் கழிப்பறைக்கு யார் ஒரு வாளி ஊற்றுவார்கள்? ஒரு சொம்பு ஊற்றினால் கோப்பை சுத்தமாகத் தெரியும். ஆனால் மலம் ட்ராப்பைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய் குழாயிலேயே தங்கிவிடும். காய்ந்து இறுகும். அடுத்தடுத்து வருவது அதன்மேல் படியும். சேம்பர் தூரத்தில் இருக்கும் வீடுகளில் இது அதிகம். தண்ணீரைச் சிக்கனப்படுத்துங்கள், தப்பில்லை. குளித்த தண்ணீரை, துணி அலசிய தண்ணீரை வாளியில் பிடித்துவைத்து கழிப்பறைக்கு ஊற்றுங்கள். மலம் கழித்தபின் அரை வாளியை ஒரே வீச்சில் ஊற்றுவது, சொம்பு சொம்பாக முழு வாளியை ஊற்றுவதைவிட நன்றாகத் தள்ளும். இரட்டைப் பொத்தான் உள்ள ஃப்ளஷ் டேங்க்கில் பெரிய பொத்தான் எதற்கு என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

நான்காவது உப்புத் தண்ணீர். நம் ஊர்களில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் பெரும்பாலும் கடின நீர். அதில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து, சிறுநீரின் உப்போடு சேர்ந்து ட்ராப்பின் உட்சுவரில் பாறையாகப் படியும். வெஸ்டர்ன் கோப்பையின் விளிம்புக்கு அடியில் சிறுசிறு துளைகள் இருக்கின்றனவே, அவை அடைத்துக்கொண்டால் தண்ணீரின் வேகம் குறையும். 'முன்னைப் போலத் தள்ளவில்லை' என்று பலர் சொல்வதன் காரணம் இதுதான். இதற்கு மட்டும் அமிலம் பயன்படும், அதுவும் மென்மையான அமிலம். வினிகரையோ எலுமிச்சை உப்புக் கரைசலையோ இரவில் ஊற்றிவைத்து, காலையில் பிரஷ்ஷால் தேய்த்தால் படிவு இளகும்.

ஐந்தாவது கட்டும்போது செய்த பிழை. வீடு கட்டும் காலத்தில் கோப்பையின் வாயைச் சாக்கால் அடைக்காமல் விட்டால் சிமெண்ட் கலவையும் டைல்ஸ் துண்டும் உள்ளே போய் இறுகிவிடும். குழாய்க்கு வாட்டம் சரியாக இல்லாவிட்டால் நீங்கள் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அடைக்கும். 4 அங்குலக் குழாய்க்கு 10 அடிக்கு 3 அங்குலம் வாட்டம் கொடுப்பது நல்ல பழக்கம். திருப்பம் வரும் இடத்தில் ஒரே செங்கோண வளைவு போடாமல் இரண்டு அரைத் திருப்பங்களாகப் போட வேண்டும். திறந்து பார்க்க மூடி உள்ள டோர் டீ வைக்க வேண்டும். வெண்ட் பைப் இல்லாத வீடுகளில் தண்ணீர் இறங்கும்போது குடுகுடுவென்று சத்தம் வரும், இறங்குவதும் மந்தமாக இருக்கும். புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குழாய் புதைப்பதற்கு முன் எந்தக் குழாய் எந்த வழியாகப் போகிறது என்று படம் எடுத்து, வீட்டுப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் தரையை உடைக்க வேண்டிய தேவையே பலமுறை வராமல் போகும்.

ஆறாவது வேர். பழைய வீடுகளில் இருக்கும் பீங்கான் குழாய்களின் இணைப்பில் மயிரிழை விரிசல் இருந்தால் போதும், அரச மரமும் வேம்பும் ஈரத்தைத் தேடி உள்ளே வந்துவிடும். ஏழாவது, செப்டிக் டேங்க் நிரம்புவது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறினால் உறிஞ்சு குழி நீரை வாங்காது. அப்போது டேங்க் நிரம்பி, தரைத் தளக் கழிப்பறையில் தண்ணீர் எதிர்த்து வரும். ஐப்பசி, கார்த்திகையில் தாழ்வான பகுதி மக்கள் படும் பாடு இது. மழைக்கு முன்பே டேங்க்கை லாரி வைத்து எடுத்துவிட்டால் ஓரளவு தப்பிக்கலாம்.

சரி, அடைத்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

முதல் விதி, மறுபடியும் ஃப்ளஷ் செய்யாதீர்கள். கோப்பை நிரம்பி வழியும். சுவரில் இருக்கும் ஆங்கிள் வால்வை மூடுங்கள். அடுத்து, அடைப்பு எங்கே என்று கண்டுபிடியுங்கள். ஒரு கழிப்பறை மட்டும் நிற்கிறது, குளியலறைத் தண்ணீர் போகிறது என்றால் அடைப்பு பெரும்பாலும் அந்தக் கோப்பையின் ட்ராப்பில். கழிப்பறையில் ஊற்றினால் குளியலறைத் தரைத் துளையில் நீர் பொங்குகிறது என்றால் இரண்டும் சேரும் குழாயில். வீடு முழுவதும் நிற்கிறது என்றால் வெளியே. வெளியே போய்ச் சேம்பர் மூடியைத் திறந்து, முகத்தை நீட்டாமல் எட்டி நின்று பாருங்கள். முதல் சேம்பர் காலியாக இருந்தால் அடைப்பு வீட்டுக்கும் அதற்கும் இடையில். நிரம்பியிருந்தால் அதற்கு அப்பால். அடுத்த சேம்பரையும் இப்படியே பாருங்கள். நிரம்பிய சேம்பருக்கும் காலியான சேம்பருக்கும் நடுவில்தான் அடைப்பு. இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. பிளம்பர் வந்தாலும் இடத்தைக் காட்டி வேலை வாங்கலாம், வீணாகத் தரையை உடைக்க வேண்டாம்.

ட்ராப்பில் அடைப்பு என்றால் கையில் நீள உறை மாட்டிக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியும் பொருளைக் கொக்கியால் மேலே இழுத்து எடுங்கள். கம்பியால் குத்தி உள்ளே தள்ளாதீர்கள். குத்தினால் பீங்கான் வளைவு உடையும், உடைந்தால் கோப்பையையே மாற்ற வேண்டியிருக்கும். பொருள் தெரியாவிட்டால், பாத்திரம் கழுவும் திரவத்தை ஊற்றி, கை பொறுக்கும் சூட்டில் ஒரு வாளி வெந்நீரை மெதுவாக ஊற்றுங்கள். கொதிக்கும் நீர் வேண்டாம், பீங்கான் வெடித்துவிடும். அரை மணி நேரம் விடுங்கள். மலமும் காகிதமும் சோப்பும் அடைத்திருந்தால் பெரும்பாலும் இதிலேயே இளகும்.

இளகாவிட்டால் பிளஞ்சர், அதாவது ரப்பர் கிண்ணம் பொருத்திய கட்டை. ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். வெஸ்டர்ன் கோப்பைக்கு அடியில் கூடுதலாக ஒரு ரப்பர் விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும் வகை நன்றாகப் பொருந்தும். ரப்பர் முழுவதும் தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும். காற்றை அழுத்தினால் அது சுருங்கிக்கொள்ளும், தண்ணீர் சுருங்காது. முதல் அழுத்தத்தை மெதுவாகக் கொடுத்து உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். பிறகு வேகமாக அழுத்தி, வேகமாக இழுங்கள். இழுப்புதான் முக்கியம், சிக்கியதை அசைப்பது அதுதான். பதினைந்து இருபது முறை தொடர்ந்து செய்யுங்கள். பக்கத்தில் தரைத் துளை இருந்தால் ஈரத் துணியால் அதை இறுக மூடுங்கள், இல்லாவிட்டால் அழுத்தம் அந்த வழியாகப் போய்விடும். இந்தியன் கோப்பைக்குப் பழைய முறை ஒன்று உண்டு. கட்டைக் கம்பின் நுனியில் கந்தலைப் பந்தாகச் சுற்றி, மேலே பாலித்தீன் பையைப் போட்டு இறுக்கிக் கட்டி, கோப்பையின் வாயில் வைத்து மேலும் கீழும் இடிப்பார்கள். பிளஞ்சரின் வேலையை அது அப்படியே செய்யும். கட்டு அவிழ்ந்து கந்தல் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதற்கும் அசையாவிட்டால் பிளம்பர் பயன்படுத்தும் ஸ்பிரிங் கம்பி. கைப்பிடியைச் சுழற்றச் சுழற்ற அது வளைவுகளைத் தாண்டிப் போய் அடைப்பைத் துளைக்கும், அல்லது கொக்கியில் மாட்டி இழுத்து வரும். தள்ளுவதைவிடச் சுழற்றுவதில்தான் அதன் பலன் இருக்கிறது. சேம்பருக்கும் சேம்பருக்கும் இடையில் நேரான குழாய் என்றால் மூங்கில் பிளாச்சை விட்டுத் தள்ளுவது நம் ஊர் வழக்கம். கீழ்ச் சேம்பரிலிருந்து மேல்நோக்கிக் குத்தினால் அடைப்பு உடைந்ததும் தேங்கிய நீரே மிச்சத்தை அடித்துக்கொண்டு வரும். அப்போது ஒதுங்கி நிற்க வேண்டும். அதற்கு மேல் பெரிய அடைப்பு என்றால் உயர் அழுத்தத்தில் நீர் பீய்ச்சும் இயந்திரம் வர வேண்டும்.

ஆசிட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆசிட் நாப்கினைக் கரைக்காது, பிளாஸ்டிக்கைக் கரைக்காது, துணியையும் முடியையும் எளிதில் கரைக்காது. அடைத்த கோப்பையில் ஊற்றினால் அங்கேயே தேங்கி நிற்கும். பிறகு பிளஞ்சர் போடுகிறவரின் முகத்தில், கண்ணில் தெறிக்கும். அடைப்பு எடுக்க வந்தவரிடம் ஆசிட் ஊற்றியதைச் சொல்லாமல் மறைப்பது பெரும் தீங்கு. காஸ்டிக் சோடா தண்ணீரில் பட்டதும் கடும் சூட்டைக் கிளப்பும், பிவிசி குழாயை இளக்கும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்த்துப் போடாதீர்கள். அதிலிருந்து குளோரின் வாயு கிளம்பும், கதவு மூடிய சின்னக் கழிப்பறையில் அது ஆளைக் கொல்லும். மேலும் செப்டிக் டேங்க்கில் மலத்தைச் செரிப்பவை நுண்ணுயிர்கள். ஆசிட்டும் பினாயிலும் அளவுக்கு மீறினால் அவை சாகும், டேங்க் சீக்கிரம் நிரம்பும்.

இனி செப்டிக் டேங்க். அடியில் மண்டி சேரும், மேலே ஆடை மிதக்கும், நடுவில் இருக்கும் நீர் வெளியேறும். மண்டி ஏற ஏற நீருக்கு இடம் குறையும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை டேங்க்கைக் காலி செய்ய வேண்டும். நாற்றம் வந்த பிறகு, எதிர்த்து வந்த பிறகு அவசரமாக ஆளைத் தேடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. அந்த அவசரத்தில்தான் 'கொஞ்சம் உள்ளே இறங்கிப் பார்த்துவிடுங்கள்' என்ற பேச்சு வருகிறது.

டேங்க்குக்குள் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு இருக்கிறது. குறைந்த அளவில் அது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சத்தில் 100 பங்கைத் தாண்டினால் மூக்கின் உணர்வையே முடக்கிவிடும். நாற்றம் போய்விட்டது, வாயு வெளியேறிவிட்டது என்று நினைத்து இறங்குவார்கள். 1,000 பங்கை எட்டினால் சில மூச்சிலேயே ஆள் விழுந்துவிடுவார். காற்றைவிடக் கனமானதால் அது அடியில் தங்கும். விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்கும் பழக்கம் இந்த வாயுவைக் காட்டாது. மீத்தேன் இருந்தால் அந்த விளக்கே தீயைக் கிளப்பும். முதல் ஆள் விழுந்ததும், காப்பாற்ற இரண்டாவது ஆள் இறங்குகிறார், பிறகு மூன்றாவது ஆள். ஒரே தொட்டியில் அண்ணனும் தம்பியும், தகப்பனும் மகனும் சேர்ந்து இறந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம்.

இந்த வேலை காலங்காலமாகச் சில சாதியார் தலையில் கட்டாயமாகச் சுமத்தப்பட்டது. ஆகவேதான் இந்தச் சாவுகளை நம்மால் பக்கம் திருப்பிக் கடக்க முடிகிறது. கையால் கழிவகற்றும் வேலையைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பு இல்லாமல் சாக்கடையையோ செப்டிக் டேங்க்கையோ சுத்தம் செய்ய எந்த நபரும் யாரையும் அமர்த்தக் கூடாது என்கிறது. 'எந்த நபரும்' என்பதில் வீட்டுக்காரரும் அடக்கம். முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது நியாயம். ஆனால் அந்தத் தொகையை வாங்கும் நிலைக்கு ஒரு குடும்பமும் வரக் கூடாது என்பதுதான் நம் நோக்கமாக இருக்க வேண்டும். கேரளத்தில் இளைஞர்கள் உருவாக்கி 2018இல் திருவனந்தபுரத்தில் பயன்பாட்டுக்கு வந்த பாண்டிகூட் என்ற இயந்திரம், ஆள் இறங்காமலே மேன்ஹோலைச் சுத்தம் செய்கிறது. வழி இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கும் மனம்தான் வேண்டும்.

பெரியோர்களே, தாய்மார்களே, இங்கிருந்து வீட்டுக்குப் போனதும் மூன்று வேலைகளைச் செய்யுங்கள். கழிப்பறையில் மூடியுள்ள ஒரு கூடையை வையுங்கள். ஒரு பிளஞ்சர் வாங்கி, அதைப் பயன்படுத்த வீட்டிலுள்ள ஆண் பிள்ளை, பெண் பிள்ளை எல்லோருக்கும் கற்றுக்கொடுங்கள். தம் வீட்டு அடைப்பைத் தாமே எடுப்பதில் ஒருவருக்கும் இழிவில்லை என்று அவர்கள் சிறுவயதிலேயே தெரிந்துகொள்ளட்டும். மூன்றாவது, செப்டிக் டேங்க் கடைசியாக எப்போது எடுக்கப்பட்டது என்று பார்த்து, அடுத்த தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். டேங்க் எடுக்க வேண்டியிருந்தால் 14420 என்ற எண்ணை அழையுங்கள், அல்லது உங்கள் ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி அலுவலகத்தைக் கேளுங்கள். லாரியும் குழாயும் வரட்டும். வருகிறவர் எவ்வளவு வற்புறுத்தினாலும், எவ்வளவு குறைந்த கூலி சொன்னாலும், உங்கள் வீட்டுத் தொட்டிக்குள் ஒரு மனிதரையும் இறங்கவிடாதீர்கள்.